புல எண் 118/4

“பச்சத் தண்ணி கூடக் குடிக்காம வராண்டாவுல உக்காந்திருக்கு சார் அந்தம்மா. நீங்க பார்த்துதான் ஒரு வழி பண்ணணும்.”

போனில் கெஞ்சியவர் ஆலங்கரை தாலுகா ஆபீஸ் கிளார்க் தங்கையன். இந்தப் பக்கம் தஞ்சாவூரில், மாவட்டத்தின் நிலப் பதிவுகள் அத்தனையும் இருக்கும் சர்வர் அறையில், சித்திரை வெயிலுக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் குஞ்சிதபாதம்.

அறையில் அந்தக் குளிர், இயந்திரங்களுக்காக வைத்தது. மனிதர் என்று அவர் ஒருவர்தான். ஆட்சி மாறினால் வெளிச் சுவரில் படம் மாறும். உள்ளே ஒன்பது வருஷமாக அவர் ஒருவரே டப்பாவைத் திறந்து, ஒருவரே சாப்பிட்டு, ஒருவரே கழுவி வைக்கிறார். சர்வர் ஓடுகிற நாளில் அவரை யாரும் நினைப்பதில்லை. நின்ற நாளில் எல்லாரும் திட்டுவார்கள்.

“எந்தம்மா?”

“காத்தாயின்னு பேரு சார். பண்ணையில நடவு நட்ட பொம்பள. அரசாங்கம் குடுத்த மூணு மா நெலம்தான் அதுக்கு எல்லாம். கோர்ட்டு வரைக்கும் போன தகராறு. பட்டாவுல ஒரு வேலை இருக்கு. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள முடிக்கலேன்னா நெலம் கைய விட்டுப் போயிடும்.”

“முடிச்சுக் குடுங்களேன்.”

“எங்கேருந்து முடிக்கிறது? எங்க நீலாம்பாள் மேடம் அந்த நம்பரைத் திறந்து போட்டுட்டு, பதினோரு மணிக்குப் போனவங்க, இன்னும் ஆளைக் காணோம். நான் அந்தக் கம்ப்யூட்டரையே அணைச்சுப் பார்த்துட்டேன். அப்பவும் விட மாட்டேங்குது.”

விடாதுதான். ஒருவர் ஒரு பதிவைத் திருத்தத் திறந்துவிட்டால், அவராக வெளியேறும் வரை வேறு யாரும் அதை மாற்ற சர்வர் அனுமதிக்காது. அங்கே கம்ப்யூட்டரை அணைத்தாலும் இங்கே பிடி தளராது. அதைத் தளர்த்தக் கூடியவர் மாவட்டத்திலேயே ஒருவர்தான்.

குஞ்சிதபாதம் கண்காணிப்புத் திரையைப் பார்த்தார். ஆலங்கரை, புல எண் 118/4. பிடித்திருப்பவர் நீலாம்பாள், ஐந்து மணி நேரம் ஆறு நிமிடமாக. அவருக்குப் பின்னால் காத்திருப்பவர் தங்கையன்.

பதிவைப் படித்துப் பார்த்தார். பட்டாதாரர் என்ற இடத்தில் காத்தாயி என்றே இருந்தது. பரப்பிலோ தகப்பன் பெயரிலோ ஏதாவது பிழையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

இருந்தாலும் கை போகவில்லை. சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் யாருடைய இணைப்பையும் அவர் இதுவரை அறுத்ததில்லை. நீலாம்பாளின் மேசைக்கு மூன்று முறை போன் போட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

நாலே காலுக்கு மறுபடியும் தங்கையன். “சார், அந்தம்மா என் மொகத்தையே பார்த்துக்கிட்டிருக்கு. தஞ்சாவூர்ல ஒரு ஐயா இருக்காரு, அவரு மனசு வச்சா முடியும்னு சொல்லி வச்சிருக்கேன். முடிஞ்சதும் அதையே உங்ககிட்ட பேசச் சொல்றேன்.”

“என்கிட்டயா?”

“பின்ன? நீங்கதானே சார் செய்யிறது!”

இந்த அறையைத் தேடி நன்றி சொல்ல ஒரு குரல் வரப்போகிறது. குஞ்சிதபாதம் தொண்டையைச் செருமிக்கொண்டார். “லைன்லயே இருங்க” என்றார். நீலாம்பாளின் இணைப்பைத் துண்டித்தார். “இப்ப பாருங்க.”

“ஆச்சு சார், ஆச்சு! நீங்க நல்லா இருக்கணும்!”

போனை வைத்த பிறகும் அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ நேரில் வருகிறாற்போல ஸ்வெட்டர் பொத்தானைச் சரியாக மாட்டிக்கொண்டார். “அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, என் வேலைதானே” என்று ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார்.

நாலே முக்காலுக்குப் போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தார்.

“காத்தாயி அம்மாவா?”

“நீலாம்பாள் பேசுறேன் சார். என் லாகினை யாரு கட் பண்ணுனது?”

“நான்தாம்மா. பாவம், அந்த காத்தாயி அம்மா காலையிலேருந்து உங்க வராண்டாவுல பட்டினியா...”

“எந்த வராண்டாவுல? அவங்க காலையிலேருந்து கோர்ட்டுல இருந்தாங்க சார். படிக்கத் தெரியாதவங்களாச்சேன்னு பெர்மிஷன் போட்டுட்டு நான்தான் கூடப் போனேன். தடை உத்தரவு வாங்கிக்கிட்டு இப்பதான் பஸ்ஸ விட்டு எறங்கி ஆபீசுக்குள்ள வந்தோம்.”

குஞ்சிதபாதம் அவசரமாக 118/4-ஐத் திறந்தார். பட்டாதாரர் என்ற இடத்தில் இராஜாங்கம் என்று இருந்தது.

“இராஜாங்கம்னா யாரும்மா?”

“பண்ணைக்காரர் சார். அவரு பேருக்கு மாத்தணும்னு தங்கையன் ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டிருந்தாரு. நாங்க திரும்பி வர்ற வரைக்கும் யாரும் கை வச்சிடக் கூடாதுன்னுதான், நான் வேணும்னே அதைத் திறந்து போட்டுட்டுப் போனேன்.”

அவருக்கு அந்தக் குளிரிலும் வேர்த்தது. “பதறாதீங்கம்மா. அதான் கையில உத்தரவு இருக்கே! பழையபடி அவங்க பேருக்கே மாத்திடலாம்.”

மறுமுனையில் காகிதம் பிரிகிற சத்தம் கேட்டது.

“இன்னிக்கு ரிக்கார்டுல யாரு பேரு இருக்கோ, அதை யாரும் மாத்தக் கூடாதுன்னு போட்டிருக்கு சார்.”