தட்டின் அடிப்புறம்

“அண்ணே, அந்த மெஷினை ஒரு பத்து நிமிஷம் என் கையில குடுங்க.”

கேட்டேவிட்டாள்.

பேர் வெட்டும் அருளப்பன் நிமிர்ந்து பார்த்தார். பேனா போன்ற கருவி அவர் கையில் உறுமலை நிறுத்தியது. திருச்சியின் கடைவீதியில் அது முகூர்த்தத்துக்கு முந்தைய நாளின் முற்பகல். பாத்திரக் கடையின் வாசலில் அண்டாவும் குடமும் குத்துவிளக்குமாக யாருடைய சீர்வரிசையோ அவர் முன் குவிந்து கிடந்தது.

“பேரைச் சொல்லும்மா, நான் வெட்டித் தர்றேன். இருபத்தாறு வருசமா இதை யார் கையிலயும் குடுத்ததில்ல.”

“சொல்ல முடியாதுண்ணே.”

சீருக்கு உரிய பெண்மணி வெற்றிலை வாயோடு சிரித்தாள்.

“சொல்ல முடியாத பேரா! அதைப் போய்ச் சோத்துத் தட்டுலயா எழுதி வைக்கிறது?”

தட்டோடு வந்தவளும் சேர்ந்து சிரித்தாள்.

கையில், சற்றுமுன் வாங்கிய எவர்சில்வர் தட்டு. பைக்குள், நான்காக மடித்த காகிதம்.

காகிதத்தில் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படித்துவிடும் சொற்கள்.

அவளுடைய மூன்றாண்டு உழைப்பு அந்தப் பன்னிரண்டுக்குள் குடியேறப் போகிறது.

வெளிநாட்டுக் கணினி விளையாட்டு நிறுவனம் ஒன்றுக்கு அவள் படம் வரைகிறாள். கூலி பிட்காயினில் வரும். வந்ததையெல்லாம், பிட்காயின் வாங்கி விற்கும் ஓர் இணையச் சந்தையின் பொறுப்பில் விட்டிருந்தாள். சென்ற மாதம் அந்தச் சந்தை நான்கு நாட்கள் கதவைச் சாத்திக்கொண்டது. நான்கு நாட்களும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் கதவு திறந்தது. அன்றே முடிவு செய்தாள். இனித் தன் பெட்டி, தன் சாவி.

பெட்டி வாங்கியாயிற்று. பிட்காயினின் சாவியைக் காக்கும் மின்கருவி, கட்டைவிரல் அளவுதான். அது தொலைந்தாலும் கவலையில்லை. அது உருவாக்கித் தந்த இந்தப் பன்னிரண்டு சொற்கள் இருந்தால் பணம் மீளும். சொற்கள் பிறர் கண்ணில் பட்டால் பணம் பிறருடையது. சொற்கள் அழிந்தால் எவருடையதும் இல்லை.

எங்கே எழுதி வைப்பது?

செல்பேசியிலா? அது ஊர் முழுவதோடும் பேசிக்கொண்டிருக்கும். நாட்குறிப்பிலா? அம்மா எடைக்குப் போட்டுவிடுவாள். வங்கி லாக்கரிலா? அது அண்ணன் பெயரில் இருக்கிறது.

நேற்றுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் தட்டு கண்ணில் பட்டது.

எவர்சில்வர் எளிதில் எரியாது. ஊறாது. கறையான் தொடாது. சோற்றுத் தட்டைத் தேடி எந்தத் திருடனும் சுவரேறிக் குதிப்பதில்லை.

கதையில் ஓர் அரக்கன் உண்டு. தன் உயிரை ஏழு கடலுக்கு அப்பால் ஒரு கிளிக்குள் பத்திரப்படுத்தியவன். எல்லாம் சரியாகச் செய்தான். ஒருத்தியிடம் மட்டும் வாய்விட்டுச் சொன்னான்.

இவள் யாரிடமும் சொல்ல மாட்டாள்.

அருளப்பன் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கருவியை நீட்டினார்.

“அழுத்தாத, வழுக்கிரும். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்.”

திரும்பினார். உடனே தலையை ஆட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

“இது சரிப்படாது. சத்தத்தை வச்சே என்ன எழுத்துன்னு எனக்குத் தெரிஞ்சிரும்மா. தமிழும் சரி, இங்கிலீசும் சரி.”

செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்தார். தேநீர்க் கடையில் நிற்பார் என்று நினைத்தாள். நிற்கவில்லை. அதையும் தாண்டி, மாவு மில்லின் வாசலுக்குப் போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

மில் ஓடிக்கொண்டிருந்தது.

“யோவ், எங்க அண்டா என்னய்யா ஆச்சு?” என்று பெண்மணி கத்தினாள்.

அவருக்குக் கேட்கவில்லை.

அவள் கருவியோடு சுவர்ப் பக்கம் திரும்பி அமர்ந்தாள். தட்டைக் கவிழ்த்து மடியில் வைத்தாள்.

முதல் சொல் கோணிக்கொண்டு போனது.

இரண்டாவதில் விரல் கூசியது.

மூன்றாவது நேராக வந்தது.

ஏழாவதற்கு வரும்போது தான் சிரித்துக்கொண்டிருப்பதை அவளே உணர்ந்தாள்.

பன்னிரண்டு.

காகிதத்தோடு இருமுறை ஒத்துப் பார்த்தாள். ஓர் எழுத்தும் பிசகவில்லை. காகிதத்தைக் கிழித்து வாயில் போட்டு மென்றாள். மை கசந்தது.

“முடிஞ்சுதா?” அருளப்பன் திரும்பி வந்திருந்தார்.

வாய் நிறையக் காகிதம். தலையை மட்டும் ஆட்டினாள். விழுங்கினாள்.

தட்டின் முகப்பைப் பார்த்து அவர் புருவத்தைச் சுருக்கினார்.

“முன்னால மொட்டையா இருக்கே. பேரில்லாத தட்டு இந்தக் கடையை விட்டுப் போனதில்லம்மா. நாளைக்கு எந்த வீட்டுல கெடந்தாலும், யார்கிட்ட போய்ச் சேரணும்னு தெரியணும்ல?”

தன் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள்.

நிறுத்தினாள்.

தான் இருக்கும்வரை இது தன்னிடம் இருக்கும். அதற்குப் பெயர் வேண்டாம். தனக்குப் பிறகு போய்ச் சேரத்தான் பெயர் வேண்டும்.

தெருவில் ஒரு வண்டி ஒலியெழுப்பிப் போனது.

“மதுவந்தி.”

“உன் பேரா?”

“தங்கச்சி பேரு.”

அருளப்பன் தட்டை வாங்கினார். அடிப்புறத்தில் விரல் படாதபடி, விளிம்பைப் பிடித்தே மடியில் வைத்துக்கொண்டார்.

மதுவந்திக்கு எதுவும் தெரியாது. பிட்காயின் என்றாலே சூதாட்டம் என்று முகம் சுளிப்பவள். அவளிடம் மட்டும் சொல்லியாக வேண்டும்.

அவர் முதல் எழுத்தைத் தொடங்கினார். இவள் செல்பேசியை எடுத்துத் தங்கையை அழைத்தாள்.

“என்னக்கா, ஒரே இரைச்சலா இருக்கு? எங்க இருக்க?”

“மது, சாயங்காலம் வீட்டுக்கு வா,” என்றாள். குரல் துள்ளியது. “உனக்கு ஒரு தட்டு வாங்கியிருக்கேன்.”