குழாய்க்கு முன்னால் ஒரு கறை

கறை தப்பான இடத்தில் இருக்கிறதாம்!

மாதிரி விமானப் போட்டியின் நடுவர் சொல்லிவிட்டார். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, பேனா அளவு டார்ச்சை என் விமானத்தின் மூக்கருகே அடித்துப் பார்த்து, தாளில் ஐந்து மதிப்பெண்ணைக் கழித்தார். மக்குப் பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி தலையை வேறு ஆட்டினார்.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது.

ஒரு சாண் நீள விமானம். மூன்று மாத வேலை. புகைக்குழாயை மட்டும் நான்கு தடவை சுரண்டிவிட்டு மறுபடி பூசினேன். கடையில் விற்கிற துருச் சாயத்தை அப்பிவிட்டுப் போகிற ஆள் இல்லை நான். நுனியில் பழுப்பு, அதற்கு மேலே செம்பு, வளைவில் கொஞ்சம் நீலம். தண்ணீராய்க் கரைத்த சாயம், ஒன்று காய்ந்த பிறகுதான் இன்னொன்று. அப்புறம் கரித்தூளை மெத்தென்ற தூரிகையில் தொட்டு, காற்று போகிற திசையில் பின்னோக்கி இழுத்தேன்.

அதெல்லாம் அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. பிரமாதம் என்றுகூடச் சொன்னார்.

ஆகாதது ஒன்றே ஒன்றுதான். குழாய்க்கு முன்னால், எஞ்சின் மூடியின் விளிம்பில், சாம்பல் பூத்த மாதிரி கடுகளவு வெள்ளைத் திட்டு.

"புகை குழாய் வழியாத்தான் சார் வெளியே வரும். அதுக்கு முன்னாடி எப்படிக் கறை வரும்? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

நான் யோசிக்கணுமாம்! பன்னிரண்டு வருஷம் எண்ணெயும் கிரீஸுமாக நிஜ எஞ்சினுக்கு அடியில் கிடந்தவனுக்கு, லீவு நாளில் பிளாஸ்டிக் ஒட்டுகிற மனுஷன் பாடம் எடுக்கிறார்.

அக்கா என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். அவளை நான் கூப்பிடவே இல்லை. விமானத்தின் வாலில் நான் எழுதிய எண்ணைப் பார்த்த நாளிலிருந்து, போட்டிக்கு நானும் வருவேன் என்று ஒரே பிடிவாதம்.

அது மாமாவின் விமானத்தின் எண். அக்காவின் கணவர், தபால் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போய்வந்தவர். ஒரு குளிர்காலக் காலையில், மேகம் ஒன்றுகூட இல்லாத வானத்தில், நேராகப் போய் மலைச்சரிவில் மோதினார். எரிந்து கிடந்ததைக் கிளறிப் பார்த்த அதிகாரிகள் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். விமானி தூங்கிவிட்டார்.

அந்த ஒரு வரியோடு அக்கா ஒன்பது வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறாள். முந்தின ராத்திரி சண்டை போட்டு அவரைத் தூங்கவிடாதது அவள்தானே. மாமியார் அதை முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறாள்.

நடுவரா விடுவார்? பைக்குள்ளிருந்து ஒரு படத்தை எடுத்து மேஜையில் வைத்தார். பழைய விமானப் படங்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறவராம். மாமா இறக்கையில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். மூலையில் தேதி இருந்தது. மறுநாள்தான் அவர் போனது. அக்கா தேதியைப் பார்த்தாள்.

"இதே விமானம்தான். மூடி கண்ணாடி மாதிரி இருக்கு பாருங்க. எங்க சார் கறை?"

படத்தையா ஆதாரமென்று நீட்டுகிறார்! படம் எடுக்க ஆள் வருகிறதென்றால் அழுக்குத் துணியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளாத வீடு உண்டா? விமானக் கொட்டகை மட்டும் என்ன விதிவிலக்கா?

"கறை இருந்துச்சு!" என்று கத்திவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர்களெல்லாம் திரும்பினார்கள்.

"ஆதாரம் காட்டுங்க. மார்க்கைத் திருப்பித் தர்றேன்."

ஆதாரம் என்னிடம் இருந்தது. அக்கா மட்டும் பக்கத்தில் இல்லையென்றால் பட்டென்று சொல்லியிருப்பேன். இல்லை, பொய். அப்போதும் சொல்லியிருக்க மாட்டேன். சொல்லத் தைரியமில்லாமல்தானே கடுகளவு வரைந்து வைத்தேன்.

அக்காவுக்கு என் கோபம் பொறுக்கவில்லை. எனக்காகப் பரிந்துகொண்டு வந்தாள்.

"இவன் சொன்னா சரியாத்தான் சார் இருக்கும். அந்த விமானத்தைத் தினமும் துடைச்சு வச்சதே இவன்தான்."

அவ்வளவுதான். என் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

எங்கள் கொட்டகையில் ஒரு கட்டாயம் உண்டு. கறை கண்டால் துணியை எடுக்கக் கூடாது. முதலில் தலைமை மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும், அவர் பார்த்த பிறகுதான் துடைக்க வேண்டும். சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அதைத்தான்.

"படம் எடுக்க வந்துட்டாங்கன்னு துடைச்சிட்டேன்" என்றேன். நடுவரைப் பார்த்துத்தான் சொன்னேன். "யாரையும் கூப்பிட்டுக் காட்டல. உள்ள குழாய்ல விரிசல் விட்டாத்தான் அந்த இடத்துல சாம்பல் படியும். அந்தப் புகை, குழாயைச் சுத்திச் சூடாகி வர்ற ஹீட்டர் காத்தோட ஓட்டுறவர்கிட்டப் போகும். வாசனையே இருக்காது. மயக்கம்தான் வரும்."

நடுவர் டார்ச்சை அணைத்தார். தாளில் எதையோ அடித்து எழுதினார். ஐந்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார் மனுஷன்!

அக்கா மேஜைமேல் குனிந்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அந்த வெள்ளைத் திட்டையே பார்த்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

"அப்போ அவரு தூங்கலையாடா?"