கழிவுக் குழாயில் ஒரு துளை

“அப்பாடா, இன்னியோட ஒழிஞ்சுது!”

இரண்டு தண்ணீர்க் கேன்களையும் சமையலறையில் இறக்கிவிட்டு, தைவானின் காவ்ஷியுங் நகரம் முழுவதற்கும் கேட்கும்படி முனகினார் சுவாங். அந்த ஊர்க் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சினால் கெட்டிலுக்குள் சுண்ணாம்பு மலையே முளைத்துவிடும். அதனால் பத்து வருடமாகத் தெருமுனைத் தண்ணீர்க் கடையிலிருந்து தினமும் அவர்தான் சுமக்கிறார்.

மனைவி பீயுன் அவர் இடுப்பைத் தடவிக் கொடுத்தாள். “பாவம், பொதி சுமந்தே பாதியாத் தேஞ்சுட்டீங்க. தைபேலேர்ந்து பொண்ணு தண்ணி சுத்தம் பண்ற மெஷின் அனுப்பிட்டாள்ல? இனிமே வாசப்படி தாண்ட வேண்டாம். நாள் பூரா என் கண்ணு முன்னாடியே உக்காந்திருங்க.”

சொல்லிவிட்டு, நேற்றைய காலிக் கேன்களைத் தேய்த்துக் கழுவி வாசலில் கவிழ்த்து வைக்கப் போனாள்.

சுவாங்குக்குத்தானே உண்மை தெரியும். தண்ணீர் பிடிக்க ஐந்தே நிமிடம். பக்கத்து ஆலமரத்தடியில் சதுரங்கம் ஆடத்தான் மூன்று மணி நேரம். அதை மறைக்க அவர் முனகிய முனகல்தான் மகள் காதுவரை போய், இப்படி மெஷினாக வந்து இறங்கியிருக்கிறது.

ஸிங்க்குக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்திருந்தான் பிளம்பர் ஹூ. வடிகட்டிகளை மாட்டியாயிற்று. அவை ஒதுக்கித் தள்ளும் தண்ணீர் வெளியேற, கழிவுக் குழாயில் ஒரு துளை போட்டு இணைக்க வேண்டியதுதான் பாக்கி.

சுவாங் வில்லாக வளைந்து அவன் காதருகே போனார். “தம்பி, குழாய் ரொம்பப் பழசு. துளை போட்டா பொடிஞ்சுடும்னு சொல்லிடேன்.”

“பொய் சொல்லச் சொல்றீங்களா பெரியப்பா?”

“பொய்யில்லப்பா, முன்னெச்சரிக்கை! கீழ் வீட்டம்மா தலையில ஒரு சொட்டு விழுந்தாப் போதும், கட்டடத்தையே பேத்துடுவா.”

ஹூ தலையைச் சொறிந்தான். பிறகு வாசல்வரை கேட்கும்படி கத்தினான். “பெரியம்மா! இந்தக் குழாய் தாங்காது. துளை போட்டா கீழ் வீடு வெள்ளக்காடு! மெஷினைக் கழட்டிடறேன்.”

“ஐயையோ!” பீயுன் மார்பில் கை வைத்தபடி ஓடி வந்தாள். “அப்போ இவரு இடுப்பு?”

“விடு, என் தலையெழுத்து. சாகிற வரைக்கும் சுமக்கிறேன்,” என்றார் சுவாங், போர்க்களத்துக்குப் புறப்படும் தளபதியைப் போல.

ஹூ கிளம்பியதும், அலமாரியில் இருந்த உசத்தி மலைத் தேயிலை டப்பா ஒன்றைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். நாலு மாடிப் படிகளை இருபது வயசுக்காரனாக உருண்டோடி இறங்கி, டப்பாவை அவன் கையில் திணித்தார். “வச்சுக்கோ தம்பி. நீ என் குலதெய்வம்!”

ஹூ அதைத் திருப்பி நீட்டினான்.

“வேண்டாம் பெரியப்பா. இதே பொய்க்கு, நீங்க தண்ணிக்குப் போயிருந்தப்பவே பெரியம்மா ஒரு டப்பா குடுத்துட்டாங்க!”