சாவியின் அண்ணன்மார்

போர்த்துக்கீசிய மொழியிலிருந்து கப்பலில் வந்திறங்கிய சாவி, பூட்டைத் திறந்து மூடுமே தவிர அதோடு ஒரு வார்த்தை பேசாது. "எங்க ஆளுக வேற" என்று ஆணியில் தனியாகத் தொங்கும்.

கப்பலேறி ஊர் சுற்றிய காகம் ஒருநாள் வந்தது. "உன் அண்ணன்மாரப் பாத்தேன்டா. ஸ்பெயின்ல 'யாவே', இத்தாலியில 'கியாவே', பிரான்சுல 'கிளே'. எல்லாரும் லத்தீன் வயித்துப் பிள்ளைகதான். அங்க ஸ்பானருக்கும் அதே பேருதான், அதனால யாவே நட்டுகூட முடுக்குறான். கிளே சங்கீதத் தாள்ல சுரம் காட்டுற குறியா, வரிக்கு முதல் ஆளா உக்காந்திருக்கான்."

"என்னை விசாரிச்சாங்களா?"

"இல்ல. மறுபடி போறேன், ஏதாவது சொல்லணுமா?"

சாவி ஆசையாய் வாயைத் திறந்தது. "அண்ணே, நல்லாருக்கீங்களா? இங்க நான் ஒத்தையா இருக்கேன்" என்றுதான் வந்தது.

"தமிழ் அவங்களுக்குப் புரியாதேப்பா" என்று சொல்லிவிட்டுக் காகம் பறந்தது.

"எனக்குப் புரியுது" என்றது பூட்டு.

சாவி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது.