அம்மா பொத்தான்

பள்ளி திறந்த அன்றே நன்மாறன் தன் காலரிலிருந்த பொத்தானைப் பிய்த்து எறிந்தான். சட்டென்று கொந்தளித்துவிடும் பிள்ளைகளுக்கான பள்ளி அது. பிள்ளைக்குப் பதற்றம் ஏறினால் அந்தப் பொத்தான் அவரவர் அம்மாவின் குரலில் பேசும்.

"ஒண்ணுமில்லடா தங்கம். மெதுவா மூச்சு விடு" என்றது கீழே கிடந்த பொத்தான்.

"இது எங்கம்மா இல்ல!" என்று அலறினான்.

மாலையில் ஷெரின் டீச்சர் அவன் அம்மா ரேஷ்மிகாவைத் தனியாக அழைத்துக் கேட்டார். "வீட்ல இவன் கத்துனா நீங்க என்ன சொல்லுவீங்க?"

"திட்டுவேன் மிஸ். காது குடுத்துக் கேக்க முடியாது. இந்தப் பொத்தான்ல, கம்பெனிக்காரங்க எழுதிக் குடுத்தத அப்படியே படிச்சேன்."

"நீங்க திட்டுறதையே பதிவு பண்ணலாம்."

ரேஷ்மிகாவுக்கு வெட்கமாக இருந்தது. யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு மைக் பக்கம் குனிந்தாள். "டேய் எருமை! எதுக்குடா இந்தக் கத்து கத்துற? தொண்ட கட்டிக்கப் போவுது. வந்து தண்ணியக் குடி, வா!"

மறுநாள் கணக்கு வகுப்பில் நன்மாறன் மேசையைக் குத்தத் தொடங்கியதும் பொத்தான் திட்டியது. அவன் கை நின்றது. "இரு, குடிக்கிறேன்" என்று முணுமுணுத்தபடி பாட்டிலைத் திறந்தான்.

பக்கத்து மேசை தியானா இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் காப்பகத்திலிருந்து வருகிறவள். அவளுடைய பொத்தானில் கம்பெனியே போட்டுக் கொடுத்த குரல் இருந்தது. ஒருநாளும் கோபப்படாத குரல். அவள் அதைக் கழற்றி டீச்சர் முன்னால் வைத்தாள்.

"மிஸ், என்னையும் யாராச்சும் திட்டச் சொல்லுங்க."