9973 தட்டிய கதவு

எண்களின் ஊரில், ஒன்றைத் தவிர எந்தச் சின்ன எண் வந்து வகுத்து மிச்சம் விழாவிட்டாலும் அது சொந்தம். 9973 வீட்டுக்கு முதலில் இரண்டு வந்தது; மிச்சம் விழுந்தது. மூன்று, ஐந்து, ஏழு என்று யார் வந்தாலும் அதே கதைதான். கடைசியாக வந்த 97-க்கும் மிச்சம் விழுந்தது.

“இனிமே யாரும் வரமாட்டாங்க தம்பி. எனக்கு அடுத்து 101; அதை அதாலேயே பெருக்கினா உன்னைத் தாண்டிடும்,” என்றது 97.

9973 அப்படியே உட்கார்ந்துவிட்டது. “உங்களுக்கென்ன அண்ணே, வீடு நிறையச் சொந்தம் இருக்கும்.”

“எங்க வீட்டுக்கு வந்தவங்களும் இப்படித்தான் திரும்பிப் போனாங்க. அதனாலதான் நாங்க தெருத்தெருவாத் தட்டுறோம். நீ எதுக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கே?”

9973 எழுந்தது. பெரிய எண்களின் தெருவுக்குப் போய், தயங்கித் தயங்கி 19946-இன் கதவைத் தட்டியது.

திறந்தது, அன்று முதலில் வந்து திரும்பிப் போன அதே இரண்டு.

“வா வா, நம்ம ரெண்டு பேரையும் பெருக்கினா இந்த வீடுதான்; இங்கே மிச்சம் விழாது. உனக்கும் சேர்த்துத்தான் இலை போட்டிருக்கு.”