பொட்டுக்குப் பக்கத்தில்

தாடை ஆபரேஷனுக்குப் பிறகு சுகுணாவின் பற்களைக் கம்பியால் இறுகக் கட்டியிருந்தார்கள். வலி தெரியாமலிருக்கத் தோளில் மருந்துப் பிளாஸ்திரி. "குழந்தைங்க கையில மட்டும் கிடைச்சிடக் கூடாதும்மா, மூச்சே நின்னுடும்" என்று நர்ஸ் எச்சரித்துத்தான் அனுப்பினாள்.

குளிக்கப் போகும்முன் ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டியவள், பழக்கதோஷத்தில் பிளாஸ்திரியையும் உரித்துப் பக்கத்திலேயே ஒட்டிவிட்டாள். திரும்பி வந்தபோது பொட்டு மட்டும் இருந்தது.

மூத்தவள் யாழினி கட்டிலில் சுருண்டு கிடந்தாள். கன்னத்தில் பாதிப் பிளாஸ்திரி, அருகில் கத்தரிக்கோல். சுகுணா அதைப் பிய்த்தெறிந்து மகளை உலுக்கினாள். பெயர் சொல்லிக் கத்த வாய் திறக்கவில்லை.

யாழினி சொக்கிய கண்களோடு சிரித்தாள். "உன்ன மாதிரியே ஒட்டிக்கிட்டேன்மா. மீதிய தம்பிக்கு ஒட்டிட்டேன்."

கூடத்தில் தூளி ஆடாமல் தொங்கியது.